யுனிவர்சல் ரிமோட்: ஒருவழிக் கட்டளையின் வரலாறு

ஹோம் தியேட்டர் என்பது தனி ஒரு கருவியின் பெயரன்று. படத்தைக் காட்டும் தொலைக்காட்சி அல்லது புரொஜெக்டர், படத்தைத் தரும் வட்டு இயக்கி, அலைவரிசைகளைத் தரும் செட்-டாப் பாக்ஸ், இவை அனைத்தின் படத்தையும் ஒலியையும் வாங்கித் திரைக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் பிரித்து அனுப்பும் ஏ.வி. ரிசீவர் எனப் பல நிறுவனங்களின் கருவிகள் கம்பிகளால் பிணைக்கப்பட்டு ஒன்றாக இயங்கும் தொகுதிக்கே அப்பெயர் வழங்குகிறது. தொகுதி ஒன்றாயினும் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் தமக்கென ஒரு ரிமோட்டுடனேயே கடையிலிருந்து வந்தன; ஆகவே ஒரு படம் பார்ப்பதற்கு மூன்று நான்கு ரிமோட்டுகளை உரிய வரிசையில் எடுத்துக் கையாள வேண்டிய நிலை 1980களில் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய வீடுகளில் உருவாயிற்று. அந்நிலைக்கு விடையாக வந்ததே யுனிவர்சல் ரிமோட், அதாவது பல நிறுவனங்களின் பலவகைக் கருவிகளுக்கும் உரிய கட்டளைகளைத் தன்னுள் வைத்திருக்கும் ஒரே ரிமோட். அதன் வரலாற்றை நெருங்கிப் பார்க்கும்போது, பல ரிமோட்டுகளை ஒன்றாக்கும் வேலை சில ஆண்டுகளிலேயே பெருமளவு முடிந்துவிட்டது என்பதும், ரிமோட் விடுக்கும் கட்டளையைக் கருவி பெற்றதா, அக்கருவி அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ரிமோட்டால் அறிய முடியாது என்ற குறையே அதன் பின் நிகழ்ந்த மாற்றங்களுக்கெல்லாம் காரணமாக இருந்தது என்பதும் விளங்கும்.

கம்பி, ஒளி, ஒலி

தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்குவது வீட்டுக் கருவிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட முறையன்று. நிக்கோலா டெஸ்லா 1898 இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் வானொலி அலையால் இயங்கும் சிறு படகு ஒன்றைக் காட்டி, அதே ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். வீட்டுக்குள் இம்முறை நுழைவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம் தன் 1939 ஆம் ஆண்டு வானொலிப் பெட்டிகளுள் சிலவற்றுடன் 'மிஸ்டரி கண்ட்ரோல்' என்ற மரப்பெட்டி ஒன்றைத் தந்தது. அதன் மேல் தொலைபேசியில் உள்ளதைப் போன்ற சுழல் எண்தட்டு இருந்தது; அதைச் சுழற்றினால் பெட்டிக்குள் இருந்த மின்கலத்தால் இயங்கும் சிறு அலைபரப்பி குறிப்பிட்ட எண்ணிக்கையில் துடிப்புகளை அனுப்ப, வானொலி அவற்றை எண்ணி நிலையத்தையோ ஒலியளவையோ மாற்றிக்கொண்டது. துடிப்புகளாகக் கட்டளையை அனுப்பும் கருத்து, பின்னாளில் வந்த அகச்சிவப்பு ரிமோட்டுகளில் வேறு வடிவில் மீண்டும் வந்தது.

தொலைக்காட்சிக்கான ரிமோட்டை வணிகப் பொருளாக்கியதில் சிகாகோவின் ஜெனித் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் தலைவர் யூஜின் மெக்டொனால்டு விளம்பரங்களை வெறுத்தவர். விளம்பரம் வரும்போது இருக்கையை விட்டு எழாமல் ஒலியை நிறுத்தவோ அலைவரிசையை மாற்றவோ பார்வையாளருக்கு வழி வேண்டும் என்று அவர் தம் பொறியாளர்களை வற்புறுத்தினார். 1950 இல் வந்த 'லேசி போன்ஸ்' தொலைக்காட்சியுடன் நீண்ட கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. கூடத்தின் குறுக்கே கிடந்த அக்கம்பியில் மக்கள் தடுக்கி விழுந்ததால் கம்பியில்லாத வழி தேடப்பட்டது. யூஜின் பாலி என்ற பொறியாளர் உருவாக்கி 1955 இல் வெளிவந்த 'ஃபிளாஷ்-மேட்டிக்', துப்பாக்கி வடிவில் அமைந்த ஒரு கைவிளக்கு. திரையின் நான்கு மூலைகளிலும் பொருத்தப்பட்ட ஒளியுணரிகளுள் எதன் மீது ஒளி விழுகிறதோ அதற்குரிய வேலையைத் தொலைக்காட்சி செய்தது. ஆனால் சன்னல் வழியே வரும் வெயிலுக்கும் கைவிளக்கின் ஒளிக்கும் வேறுபாடு காண அவ்வுணரிகளால் இயலவில்லை. பகலில் தொலைக்காட்சி தானாகவே அலைவரிசை மாற்றத் தொடங்கியது.

இக்குறையை நீக்கியவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயற்பியலாளர் இராபர்ட் ஆட்லர். 1956 இல் அவர் அமைத்த 'ஸ்பேஸ் கமாண்ட்' மின்கலமே இல்லாமல் இயங்கியது. மின்கலம் தீர்ந்துவிட்டால் தொலைக்காட்சியே பழுதாகிவிட்டது என்று வாங்கியவர் எண்ணிவிடுவர் என விற்பனைப் பிரிவினர் அஞ்சியதே இதற்குக் காரணம். பொத்தானை அழுத்தும்போது உள்ளிருந்த சிறு சுத்தியல் ஒன்று அலுமினியத் தண்டைத் தட்டும். தண்டு மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பும். நீளத்தில் சிறிதே வேறுபட்ட நான்கு தண்டுகள் நான்கு அதிர்வெண்களில் ஒலித்தன. இயக்குதலும் நிறுத்துதலும் ஒன்று, ஒலியை அடக்குதல் ஒன்று, அலைவரிசையை மேலே நகர்த்துதல் ஒன்று, கீழே நகர்த்துதல் ஒன்று என நான்கு கட்டளைகள் அவற்றுக்கு ஒதுக்கப்பட்டன. அந்த ஒலியை வாங்கிப் பிரித்தறியத் தொலைக்காட்சிக்குள் மேலும் ஆறு வெற்றிடக் குழாய்கள் தேவைப்பட்டதால் பெட்டியின் விலை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு விலை குறைந்தது, மீயொலி முறை அடுத்த கால் நூற்றாண்டுக்கு நிலைத்தது.

மீயொலியின் எல்லையை வெளிப்படுத்தியது தொலைக்காட்சியில் ஏற்பட்ட மாற்றமே. பிரிட்டனில் பி.பி.சி. 1974 இல் தொடங்கிய 'சீஃபாக்ஸ்' என்ற டெலிடெக்ஸ்ட் சேவை, செய்திகளையும் தட்பவெப்பக் குறிப்புகளையும் எழுத்து வடிவில் திரைக்கு அனுப்பியது. பார்வையாளர் தாம் விரும்பும் பக்கத்தின் மூன்று இலக்க எண்ணை அழுத்த வேண்டும் என்பதால், ரிமோட்டுக்குப் பத்து எண்பொத்தான்களும் வேறு பல கட்டளைகளும் தேவைப்பட்டன. கட்டளைக்கு ஓர் ஒலி என்ற முறை இவ்வளவையும் தாங்காது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அதன் இடத்தை அகச்சிவப்பு ஒளி பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத இவ்வொளியை மலிவான டையோடு ஒன்றே உமிழும். சுவரை ஊடுருவாததால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை அது தொடாது. வேகமாக அணைத்து எரியவைக்கக்கூடியது என்பதால் எத்தனை கட்டளைகளை வேண்டுமானாலும் எண்களாக அதில் ஏற்றி அனுப்பலாம்.

நிறுவனத்துக்கு ஒரு குறிமுறை

அகச்சிவப்பு ரிமோட் வேலை செய்யும் விதத்தை அறிந்தால்தான் யுனிவர்சல் ரிமோட் ஏன் தேவைப்பட்டது என்பது புலப்படும். வெயிலிலும் விளக்கிலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால், ஃபிளாஷ்-மேட்டிக் சந்தித்த குழப்பம் மீண்டும் நேராதபடி ரிமோட் தன் ஒளியை வினாடிக்குச் சில பத்தாயிரம் முறை துடிக்கச் செய்கிறது. சுமப்பலை எனப்படும் இத்துடிப்பின் வேகம் பெரும்பாலும் 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். கருவியின் உணரி அந்த வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் ஏற்று, சீராக விழும் வெயிலைப் புறக்கணிக்கும். சுமப்பலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வளவு நேரம் ஓய்கிறது என்பதைக் கொண்டு 0, 1 என்ற பிட்டுகள் எழுதப்படுகின்றன. எந்தக் கருவிக்கு என்ற முகவரியும், என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையும் அந்தப் பிட்டுகளில் அடங்கும்.

இவ்வளவில் எல்லா நிறுவனங்களும் ஒன்றுபட்டன. இதற்கு மேல் ஒவ்வொன்றும் தன் வழியில் சென்றது. ஜப்பானின் என்.இ.சி. வகுத்த முறையில் 38 கிலோஹெர்ட்ஸ் சுமப்பலையின் மீது முதலில் 9 மில்லிவினாடி நீடிக்கும் முன்னறிவிப்புத் துடிப்பும், பிறகு 8 பிட் முகவரியும், அதன் தலைகீழ் வடிவமும், 8 பிட் கட்டளையும், அதன் தலைகீழ் வடிவமும் செல்லும். தலைகீழ் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்தே கருவி பிழையைக் கண்டுகொள்ளும். பிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.-5 முறையின் சுமப்பலை 36 கிலோஹெர்ட்ஸ். அதில் 5 பிட் முகவரியும் 6 பிட் கட்டளையும் உண்டு. பொத்தானைக் கையெடுக்காமல் அழுத்தியிருப்பதையும் விட்டு விட்டு மீண்டும் அழுத்துவதையும் வேறுபடுத்த, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும் தனிப் பிட் ஒன்றும் அதில் சேர்க்கப்பட்டது. சோனியின் முறை 40 கிலோஹெர்ட்ஸில் 12 பிட்டுகளாகத் தொடங்கிப் பின்னர் 15, 20 என விரிந்தது. டென்மார்க்கின் பாங் அண்ட் ஓலுஃப்சென் நிறுவனமோ 455 கிலோஹெர்ட்ஸ் என்ற, இவற்றைவிடப் பன்மடங்கு உயர்ந்த வேகத்தைத் தேர்ந்தது.

ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் இந்த முறைகள் மிக ஒழுங்காக இயங்கின. ஆர்.சி.-5 இல் தொலைக்காட்சிக்கு ஒரு முகவரி, நாடா இயக்கிக்கு ஒன்று, குறுந்தகட்டுக்கு ஒன்று எனப் பட்டியலே வகுக்கப்பட்டிருந்தது; எனவே அம்முறையைப் பின்பற்றிய கருவிகள் அனைத்தையும் ஒரே ரிமோட்டால் இயக்க முடிந்தது. ஆனால் வேறொரு நிறுவனத்தின் கருவி வீட்டுக்குள் வந்ததும் ஒழுங்கு குலைந்தது. பொதுவான குறிமுறை ஒன்றை ஏற்க எந்த நிறுவனத்துக்கும் வணிக நோக்கில் காரணம் இருக்கவில்லை. தன் ரிமோட் தன் கருவிகளை மட்டும் இயக்கினால், அடுத்த கருவியையும் தன்னிடமே வாங்க வாடிக்கையாளர் முனைவார் என்பதே அவற்றின் கணக்கு.

வாடிக்கையாளர்கள் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1975 இல் பீட்டாமேக்ஸ், 1976 இல் வி.எச்.எஸ். ஆகிய வீடியோ நாடா முறைகளும், 1978 இல் லேசர்டிஸ்க் படவட்டும், 1982 இல் குறுந்தகடும் சந்தைக்கு வந்தன. அதே 1982 இல் டால்பி சரவுண்ட் திரையரங்கின் சூழொலியை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 1987 இல் வந்த புரோ லாஜிக், திரையின் நடுவிலிருந்து வரும் உரையாடலுக்கெனத் தனி ஒலித்தடத்தைப் பிரித்துக் கொடுத்தது. இவ்வொலியைப் பிரித்துப் பெருக்கும் ரிசீவர் வீட்டின் மையக் கருவியாயிற்று. தொலைக்காட்சியை ஒரு நிறுவனத்திடமும், நாடா இயக்கியை மற்றொன்றிடமும், ரிசீவரை ஒலித்துறையில் பெயர்பெற்ற மூன்றாவது நிறுவனத்திடமும் வாங்குவதே ஆர்வலர்களின் வழக்கமாக இருந்தது. ஹோம் தியேட்டர் இவ்வாறு பல குறிமுறைகள் சந்திக்கும் இடமாக அமைந்தது.

அச்சிட்ட பட்டியலும் கற்கும் கருவியும்

இந்தச் சிக்கலுக்கு 1980களின் நடுவில் இரண்டு தீர்வுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. முதல் தீர்வு, பல நிறுவனங்களின் குறிமுறைகளை முன்கூட்டியே திரட்டி ரிமோட்டின் நினைவகத்தில் பதித்து விற்பது. வட அமெரிக்க பிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்களான இராபின் ரம்போல்ட், வில்லியம் மெக்கின்டயர், லாரி குட்சன் ஆகியோர் 1985 இல் மேக்னவாக்ஸ் என்ற வணிகப் பெயருக்காக இத்தகைய ரிமோட்டை உருவாக்கினர். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1988 இல் வழங்கப்பட்டது. இரண்டாவது தீர்வு, ரிமோட்டையே கற்கவைப்பது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1986 இல் காப்புரிமை பெற்ற இம்முறையில், கருவியுடன் வந்த பழைய ரிமோட்டையும் புதிய ரிமோட்டையும் முகத்துக்கு முகம் வைத்து, பழையதன் பொத்தான் ஒவ்வொன்றையும் அழுத்தினால், புதியது அதன் ஒளித்துடிப்புகளைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். 'கண்ட்ரோல் சென்ட்ரல்' என்ற பெயரில் அந்நிறுவனம் விற்ற ரிமோட் இவ்வகையின் முன்னோடி.

இரு முறைகளுக்கும் தனித்தனி நன்மை தீமைகள் இருந்தன. பதித்து விற்கும் முறையில் பயனர் செய்ய வேண்டிய வேலை குறைவு. சிறு கையேட்டில் தம் தொலைக்காட்சியின் பெயருக்கு எதிரே அச்சிடப்பட்ட மூன்று அல்லது நான்கு இலக்க எண்ணை அழுத்தினால் போதும். எண் தெரியாதவர்களுக்காக, நினைவகத்தில் உள்ள நிறுத்தக் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, தொலைக்காட்சி அணையும் கணத்தில் பயனரைப் பொத்தானை அழுத்தச் சொல்லும் தேடுமுறையும் சேர்க்கப்பட்டது. ஆனால் ரிமோட் விற்கப்பட்ட பிறகு சந்தைக்கு வந்த கருவி அதன் பட்டியலில் இராது. கற்கும் முறையில் எந்தக் கருவியையும் சேர்க்கலாம். ஆனால் பழைய ரிமோட் கையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பொத்தானாகக் கற்பிக்கும் பொறுமையும் வேண்டும். ரிமோட் தொலைந்துபோனதாலேயே புதியதைத் தேடி வருபவருக்கு அம்முறையால் பயனில்லை.

கற்கும் ரிமோட்டை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் ஆப்பிள் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஸ்டீவ் வோஸ்னியாக். ஆப்பிளின் அன்றாடப் பணியிலிருந்து 1985 இல் விலகிய அவர், சி.எல். 9 என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1987 இல் 'கோர்' என்ற ரிமோட்டை வெளியிட்டார். பிற ரிமோட்டுகளின் துடிப்புகளைக் கற்பதோடு, ஒரு பொத்தானுக்குள் பல கட்டளைகளை வரிசையாக அடுக்கி வைக்கவும், குறித்த நேரத்தில் அவை தாமாகவே செல்லும்படி அமைக்கவும், கணினியுடன் இணைத்துத் திருத்தவும் அதில் வசதி இருந்தது. கணினி நிரல் எழுதிப் பழகியவருக்கு அது விருப்பமான பொருளாயிற்றே தவிர, ஏனையோருக்கு அதை அமைப்பது எளிதாக இல்லை. 1988 இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. மறுபுறம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1986 இல் தொடங்கப்பட்ட யுனிவர்சல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 'ஒன் ஃபார் ஆல்' என்ற பெயரில் பதிக்கப்பட்ட பட்டியல் முறையையே பின்பற்றியது. கருவி ஒவ்வொன்றின் குறிமுறையையும் திரட்டிச் சேர்க்கும் நூலகமே அதன் உண்மையான முதலாயிற்று. தன் பெயரில் ரிமோட் விற்றதோடு, கேபிள் நிறுவனங்களுக்கும் தொலைக்காட்சி உற்பத்தியாளர்களுக்கும் அந்நூலகத்தைப் பயன்படுத்தும் ரிமோட்டுகளைச் செய்து கொடுத்தும் அது வளர்ந்தது.

சட்டமும் இவ்வணிகத்துக்குத் துணைநின்றது. அமெரிக்காவில் கேபிள் நிறுவனங்கள் தம் பெட்டிக்கான ரிமோட்டை மாத வாடகைக்கு விட்டு வந்த காலத்தில், 1992 ஆம் ஆண்டின் கேபிள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கடையில் விற்கும் ரிமோட்டுகள் தம் பெட்டியுடன் இயங்குவதை அந்நிறுவனங்கள் தடுக்கக்கூடாது என்று விதித்தது. குறிமுறைகளைப் பொதுவாக்க உற்பத்தியாளர்கள் உடன்படாத நிலையில், வெளியாள் ஒருவர் அவற்றைத் திரட்டி விற்கும் உரிமையாவது இவ்வாறு காக்கப்பட்டது.

நிலையறியாத கட்டளை

1990களின் தொடக்கத்திற்குள் பல ரிமோட்டுகளை ஒன்றாக்கும் பணி பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. அதன் பிறகே மேலும் கடினமான கேள்வி எழுந்தது. வட்டிலிருந்து ஒரு படத்தைப் பார்க்கத் தொலைக்காட்சியை இயக்கி, அதன் உள்ளீட்டை மாற்றி, ரிசீவரை இயக்கி, அதன் உள்ளீட்டையும் மாற்றி, வட்டு இயக்கியை இயக்கி, கடைசியில் படத்தை ஓடவிட வேண்டும். இக்கட்டளைகள் அனைத்தையும் ஒரே பொத்தானில் அடுக்குவதற்கு மேக்ரோ என்று பெயர். மேக்ரோவை எழுதுவது எளிது. அது ஒவ்வொரு முறையும் சரியாக நடப்பதை உறுதிசெய்வதே அரிது.

இதற்குக் காரணம் பெரும்பாலான கருவிகளின் மின்பொத்தான் மாற்றுக் கட்டளையாக அமைந்திருந்ததே. மாற்றுக் கட்டளை என்பது, கருவி அணைந்திருந்தால் இயக்கும், இயங்கிக்கொண்டிருந்தால் அணைக்கும் ஒரே கட்டளை. உள்ளீட்டு மாற்றமும் அவ்வாறே. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அடுத்த உள்ளீட்டுக்குத் தாவும். கண்முன் கருவியைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தும் மனிதருக்கு இது போதும். நிலையை அவரே பார்த்துக்கொள்கிறார். மேக்ரோவோ கண்ணைக் கட்டிக்கொண்டு கதவைத் திறக்கச் சென்றவரின் நிலையில் இருந்தது: யாரேனும் முன்பே தொலைக்காட்சியை இயக்கி வைத்திருந்தால், படம் பார்க்க அழுத்திய பொத்தான் அதை அணைத்துவிடும், எஞ்சிய கட்டளைகள் இருண்ட திரைக்குச் செல்லும். குறுக்கே ஒருவர் நடந்து சென்றதால் ஒரு துடிப்பு தவறினாலும் விளைவு இதுவே.

இதைத் தவிர்க்கக்கூடியவை தனிக் கட்டளைகள், அதாவது இயக்கு என்றால் எந்நிலையிலும் இயக்குவதும், அணை என்றால் எந்நிலையிலும் அணைப்பதும், முதல் உள்ளீடு என்றால் நேரே அங்கேயே செல்வதுமான கட்டளைகள். பல கருவிகள் இவற்றை ஏற்கும் ஆற்றல் பெற்றிருந்தும், அவற்றுக்கான பொத்தான்கள் கருவியுடன் வந்த ரிமோட்டில் இல்லை. பொத்தான் இல்லாததால் கற்கும் ரிமோட்டாலும் அவற்றைக் கற்க இயலவில்லை. குறிமுறையின் இடைவெளிகளில் மறைந்திருந்த இக்கட்டளைகளைக் கட்டளை எண்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்துக் கண்டுபிடிப்பது ஹோம் தியேட்டர் ஆர்வலர்களின் தனி முயற்சியாக வளர்ந்தது. பிலிப்ஸ் 1998 இல் வெளியிட்ட 'பிரான்டோ' இம்முயற்சிக்குக் களம் அமைத்தது. பொத்தான்களுக்குப் பதிலாகத் தொடுதிரையைப் பெரிதும் சார்ந்த அந்த ரிமோட்டின் விலை ஏறத்தாழ 400 டாலர். அதன் பக்கங்களைப் பயனரே கணினியில் வரைந்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய துடிப்புகளைப் பதினாறடி எண்களாக எழுதி ஏற்றலாம். அவ்வெண்வடிவமே ஆர்வலர்கள் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது எழுத்தாயிற்று. யுனிவர்சல் எலெக்ட்ரானிக்ஸின் மலிவான ரிமோட்டுகளிலும் மின்கல அறைக்குள் ஜே.பி.1 என்ற குறியுடன் ஆறு முனைகள் இருந்தன; அவற்றின் வழியே நினைவகத்தைக் கணினியிலிருந்து திருத்தி, விற்பனையாளர் தராத கருவிகளையும் ஆர்வலர்கள் சேர்த்துக்கொண்டனர்.

நிலையறியும் சிக்கலுக்கு வேறு இடங்களில் வேறு விடைகள் இருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும். குளிர்சாதனக் கருவியின் ரிமோட்டில் சிறு திரை இருப்பது தற்செயலன்று. வெப்பநிலை, விசிறியின் வேகம், இயங்கும் விதம் ஆகிய அனைத்தையும் அது தன்னிடமே வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் முழு நிலையையும் ஒரே செய்தியாக அனுப்புகிறது. ஆகவே ஒரு செய்தி தவறினாலும் அடுத்த செய்தி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். அலுவலகக் கூட்ட அரங்குகளுக்கும் செல்வந்தர் இல்லங்களுக்கும் கிரெஸ்ட்ரான், ஏ.எம்.எக்ஸ். போன்ற நிறுவனங்கள் அமைத்துத் தந்த கட்டுப்பாட்டுத் தொகுதிகளோ, கருவிகளின் பின்புறத்தில் ஆர்.எஸ்.-232 என்ற தரவுக் கம்பியை இணைத்து, கட்டளை பெற்ற கருவியின் மறுமொழியையும் வாங்கின. இருவழித் தொடர்பு இவ்வாறு முன்பே இருந்தபோதிலும் அதன் செலவு பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாததாக இருந்தது.

செயலை முன்வைத்த ரிமோட்

இருவழித் தொடர்பு இல்லாமலே நிலையை ஊகித்தறிய முயன்றது கனடாவின் மிசிசாகாவில் இருந்த இன்ட்ரீக் டெக்னாலஜீஸ் நிறுவனம். 2000களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட 'ஹார்மனி' ரிமோட்டில் தொலைக்காட்சி, வட்டு இயக்கி என்ற கருவிப் பெயர்களுக்கு மாறாக, படம் பார்த்தல், பாட்டுக் கேட்டல் போன்ற செயல்களின் பெயர்கள் முன்வைக்கப்பட்டன. ஒரு செயலைத் தேர்ந்தால் எந்தெந்தக் கருவி இயங்க வேண்டும், எந்த உள்ளீடு வேண்டும் என்பதை ரிமோட் கணக்கிட்டு, தான் கடைசியாக அனுப்பிய கட்டளைகளின் நினைவைக் கொண்டு தேவையானவற்றை மட்டும் அனுப்பியது. அந்நினைவும் நடப்பும் முரண்பட்டுவிட்டால், உதவிப் பொத்தானை அழுத்தியவரிடம் தொலைக்காட்சி இயங்குகிறதா, ஒலி வருகிறதா என ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைக்கேற்பத் திருத்திக்கொண்டது. மனிதரின் கண்ணையே மறுமொழிக் கம்பியாகப் பயன்படுத்திய இவ்வமைப்பு, ஒருவழி ரிமோட்டால் எட்டக்கூடிய உச்சம் எனலாம்.

ஹார்மனி மற்றொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. பயனர் தம் கருவிகளின் மாதிரி எண்களை இணையத்தில் பதிய, நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்த பெரும் தரவுத்தொகுதியிலிருந்து கட்டளைகள் கணினி வழியே ரிமோட்டுக்கு இறங்கின. பட்டியல் பழசாகிவிடும் என்ற பழைய குறை இதனால் நீங்கியது. ஆனால் பட்டியல் பயனரின் கையை விட்டு நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சென்றது. லாஜிடெக் நிறுவனம் 2004 இல் ஏறத்தாழ 2.9 கோடி டாலருக்கு இன்ட்ரீக்கை வாங்கி, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஹார்மனி வரிசையை விற்றது. மூடிய அலமாரிக்குள் இருக்கும் கருவிகளுக்கு அகச்சிவப்பு எட்டாது என்பதால், கையிலிருக்கும் ரிமோட்டிடம் வானொலி அலை வழியே கட்டளை பெற்று, அலமாரிக்குள் அகச்சிவப்பாக மாற்றிப் பரப்பும் நடுப்பெட்டியும் பின்னர் அவ்வரிசையில் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இதே தேவை வேறு வழியில் வந்தது. சென்னையில் 2003 செப்டம்பரில் கட்டண அலைவரிசைகளுக்குச் செட்-டாப் பாக்ஸ் கட்டாயமாக்கப்பட்டதும், 2007 இன் இறுதியில் சன் டைரக்ட் நேரடிச் செயற்கைக்கோள் சேவையைத் தொடங்கியதும், 2012 முதல் கேபிள் ஒளிபரப்பு எண்முறைக்கு மாறியதும் சேர்ந்து, ஹோம் தியேட்டர் இல்லாத எளிய வீடுகளிலும் தொலைக்காட்சிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என இரண்டு ரிமோட்டுகளை வைத்தன. செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் தொலைக்காட்சியின் மின்பொத்தான், ஒலிப்பொத்தான் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளும் சில பொத்தான்கள் ஒதுக்கப்பட்டிருப்பது 1980களின் கற்கும் முறையின் தொடர்ச்சியே. எனினும் சென்னை ரிச்சி தெருவிலும் சிற்றூர்க் கடைகளிலும் பெரிதும் விற்பவை அந்தந்த மாதிரிக்கென அப்படியே வார்க்கப்பட்ட மாற்று ரிமோட்டுகள். விலை குறைவாக இருக்கும்போது, பலவற்றை ஒன்றாக்குவதைவிடத் தொலைந்ததற்கு ஈடாக மற்றொன்றை வாங்குவதே வீடுகளுக்கு எளிதாக இருக்கிறது.

கம்பிக்குள் சென்ற உரையாடல்

ஒருவழிக் கட்டளையின் குறைக்கு இறுதியில் விடை தந்தது ரிமோட்டுத் தொழிலன்று, கருவிகளை இணைக்கும் கம்பி. சோனி, பிலிப்ஸ், பானசோனிக், தோஷிபா, ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 2002 இன் இறுதியில் வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. இணைப்பு, படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுசென்றதோடு, சி.இ.சி. எனப்படும் கட்டுப்பாட்டுத் தடத்துக்கும் அதில் ஒரு முனையை ஒதுக்கியது. வினாடிக்கு ஏறத்தாழ 400 பிட் என்ற மிகக் குறைந்த வேகத்தில் இயங்கும் அத்தடத்தில், தான் விழித்துவிட்டதாக வட்டு இயக்கி அறிவிக்க, தொலைக்காட்சி தானே இயங்கி உரிய உள்ளீட்டுக்கு மாறும். தொலைக்காட்சி ரிமோட்டின் ஒலிப்பொத்தானை அழுத்தினால் கட்டளை ரிசீவருக்குச் சென்று சேரும். கேட்கப்பட்ட கருவி தன் நிலையைத் திருப்பிச் சொல்லும். 2009 இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4, தொலைக்காட்சியின் ஒலியை அதே கம்பியில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழியையும் சேர்த்தது.

சி.இ.சி. பொது முறை என்று அறிவிக்கப்பட்டபோதும், பழைய வணிகக் கணக்கு இங்கும் மறையவில்லை. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்.ஜி. சிம்பிளிங்க் என்றும் பெயரிட்டு விற்றன. தம் கருவிகளுக்கு மட்டும் புரியும் கட்டளைகளையும் சேர்த்தன. வேறுவேறு நிறுவனங்களின் கருவிகளை இணைத்தபோது சில கட்டளைகள் மட்டும் செல்வதும், எதிர்பாராத வேளையில் ஒரு கருவி மற்றொன்றை எழுப்புவதும் இதனால் நேர்ந்தன. ஆயினும் வீட்டில் இருந்த கருவிகளின் எண்ணிக்கையே இதற்கிடையில் குறைந்துவிட்டது. வட்டு இயக்கியும் நாடா இயக்கியும் வழக்கொழிய, படங்கள் இணையம் வழியே தொலைக்காட்சிக்குள்ளேயே வந்தன. ரிசீவரும் பல ஒலிபெருக்கிகளும் இருந்த இடத்தில் ஒற்றை சவுண்ட்பார் அமர்ந்தது. 2015 இல் வந்த ஆப்பிள் டிவியின் ரிமோட், தன் பெட்டியுடன் புளூடூத் வழியே பேசிக்கொண்டே தொலைக்காட்சியின் ஒலியளவுக்கு மட்டும் அகச்சிவப்பைப் பயன்படுத்தியது. யுனிவர்சல் ரிமோட்டின் பெரும்பகுதி வேலை இவ்வாறு சாதாரண ரிமோட்டுகளுக்குள் கரைந்தது. பிலிப்ஸ் 2010 இல் பிரான்டோவைக் கைவிட்டது. லாஜிடெக் 2021 ஏப்ரலில் ஹார்மனி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காகத் தரவுத்தொகுதியையும் சேவையகத்தையும் தொடர்ந்து நடத்துவதாக உறுதியளித்தது.

அவ்வுறுதிமொழி தேவைப்பட்டதே இவ்வரலாற்றின் போக்கைக் காட்டுகிறது. 1980களில் விற்ற கற்கும் ரிமோட், அதைச் செய்த நிறுவனம் மறைந்த பின்னும் மின்கலம் இருக்கும்வரை வேலை செய்தது. அதற்குத் தெரிந்தவை குறைவு, ஆனால் தெரிந்தவை எல்லாம் வீட்டுக்காரரின் கையில் இருந்தன. நிலையை அறியவும் பட்டியலைப் புதுப்பிக்கவும் ரிமோட் முயன்ற ஒவ்வொரு படியிலும் அதன் அறிவு வெளியே நகர்ந்தது: முதலில் நூலகம் திரட்டிய நிறுவனத்துக்கும், பிறகு அதன் சேவையகத்துக்கும், கடைசியில் கருவிகளுக்கு இடையே ஓடும் கம்பிக்கும். உற்பத்தியாளர்கள் 1980களில் ஒரு பொதுக் குறிமுறையை ஏற்றிருந்தால் யுனிவர்சல் ரிமோட் என்ற தனித் தொழில் பிறந்தே இராது. அவர்கள் பிற்பாடு எச்.டி.எம்.ஐ. வழியே பாதி அளவு உடன்பட்டபோது அத்தொழிலும் பாதி அளவு சுருங்கியது. பழைய ரிசீவரையும் புதிய தொலைக்காட்சியையும் ஒன்றாக வைத்திருக்கும் வீடுகளிலும், சி.இ.சி. ஒத்துவராத இணைப்புகளிலும் அது இன்றும் விற்பதற்குக் காரணம் எஞ்சிய அந்தப் பாதி உடன்பாடின்மையே.